சொந்தமாகக் கட்டிய விமானம்: திரையைக் கடைசியில் வாங்குங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில் இருந்தே பேசுகிறேன். பின்னால் நிற்பது நம்முடைய ஆர்வி-9ஏ விமானம். எஞ்சின் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன், இரண்டு இருக்கைகளும் வெளியே இருக்கின்றன. வருடாந்திரப் பரிசோதனை நேரம். ஒரு வாரமாக வேலை முடிந்ததும் நேராக இங்கேதான் வருகிறேன்.

சானலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒருவர் தன் விமானத்தைத் தானே கட்டலாம். கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சொந்தக் கற்றலுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் செய்ததாக இருக்க வேண்டும். இங்கே இதை 51 சதவீத விதி என்பார்கள். அமெரிக்க அரசின் விமானத் துறையான எஃப்ஏஏ பரிசோதித்து, எக்ஸ்பெரிமென்டல், அதாவது பரிசோதனை விமானம் என்ற வகையில் சான்றிதழ் கொடுக்கும். அப்புறம் முதல் 25 அல்லது 40 மணி நேரம், குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் மட்டும் பறந்து விமானத்தைச் சோதிக்க வேண்டும். ஆர்வி விமானங்கள் ஆரிகன் மாநிலத்தின் வேன்ஸ் நிறுவனத்தின் கிட்கள், அதாவது நாமே சேர்த்துக் கட்டும் பாகத் தொகுப்புகள். உலகம் முழுக்கப் பல ஆயிரம் பறந்துகொண்டிருக்கின்றன.

போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். காக்பிட்டில் வேகம், உயரம், எஞ்சின் அளவுகளைக் காட்டும் திரை, எந்த டிஸ்ப்ளே வாங்கலாம்? கார்மின் கம்பெனியா, டைனான் கம்பெனியா? 10 அங்குலமா, 7 அங்குலமா? ஆசை எனக்குப் புரிகிறது. நானும் வால் பகுதி ரிவெட் அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பேனல், அதாவது காக்பிட் கருவிப் பலகையின் படத்தை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். ஆனால் என் அனுபவத்தில் திரையைக் கடைசியில் வாங்குவதுதான் நல்லது. இரண்டு மூன்று வருடம் கட்டப்போகிறீர்கள் என்றால், முதல் நாள் வாங்கிய திரை பறக்கும் நாளில் பழைய மாடலாகியிருக்கும், வாரன்டியும் பெட்டிக்குள்ளேயே ஓடி முடிந்திருக்கும். முதலில் யோசிக்க வேண்டியது ஒயர். திரை கெட்டால் கழற்றி மாற்றிவிடலாம். இருக்கைக்கு அடியிலும் இறக்கைக்குள்ளும் போன ஒயரை மாற்றுவது லேசான வேலை இல்லை.

சரி, ஒயருக்கு வருவோம். கார் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கிற பிவிசி ஒயர் வேண்டாம். சூடேறினால் உருகும், எரிந்தால் மூச்சை அடைக்கிற விஷப்புகை வரும். அந்த சிறிய காக்பிட்டில் அந்தப் புகையோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விமானத்துக்கு டெஃப்செல் என்று சொல்கிற ஒயர் இருக்கிறது. வெள்ளியோ வெள்ளீயமோ பூசிய செம்பு இழைகள், மேலே மெல்லிய, வழவழப்பான உறை. 150 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். விலை அதிகம்தான், ஆனால் ஒரு முழு விமானத்தின் ஒயர் செலவை ஒரு திரையின் விலையோடு வைத்துப் பார்த்தால் சின்னத் தொகை.

கேஜ் என்பது ஒயரின் தடிமன் எண், எண் குறையக் குறைய ஒயர் தடிமன். அதில் நான் பின்பற்றுவது எளிய வழி. 22 கேஜ் ஒயருக்கு 5 ஆம்ப் ஃபியூஸ், 20 கேஜுக்கு 7 ஆம்ப், 18 கேஜுக்கு 10 ஆம்ப். இங்கே பலரும் குழம்புவது ஃபியூஸ் யாருக்குக் காவல் என்பதில். ரேடியோவுக்குக் காவல் என்று நினைக்கிறார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. எங்காவது உறை தேய்ந்து ஒயர் விமானத்தின் உலோக உடம்பைத் தொட்டால், அது தீப்பிடிப்பதற்கு முன்னால் ஃபியூஸ் போக வேண்டும். அதனால்தான் ஃபியூஸை பேட்டரி பஸ், அதாவது மின்சாரம் பல ஒயர்களாகப் பிரியும் பட்டையின் பக்கத்திலேயே வைக்கிறோம், கருவியின் பக்கத்தில் இல்லை. பறக்கும்போது ஒரு பிரேக்கர் (ஃபியூஸ் வேலையைச் செய்யும், திரும்பத் தள்ளக்கூடிய சுவிட்ச்) விழுந்தால், அந்தக் கருவி இல்லாமல் தரையிறங்க முடியும் என்றால், அதைத் திரும்பத் தள்ளாதீர்கள். கீழே வந்து காரணத்தைத் தேடுங்கள்.

அடுத்தது இணைப்பு. ஊரில் ரேடியோ ரிப்பேர் பார்த்துப் பழகிய கைக்கு முதலில் சால்ட்ரிங் அயர்ன் தேடத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். சால்டர் செய்த இடம் நன்றாகத்தான் பிடித்திருக்கும், சிக்கல் அதற்குப் பக்கத்தில். உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி அந்தத் துண்டைக் கம்பி போல விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்குகிற அந்த ஒரு புள்ளியில்தான் எஞ்சின் அதிர்வு மணிக்கணக்கில் வேலை செய்யும். சால்டர் செய்தே ஆக வேண்டிய இடத்தில், சூடேற்றினால் சுருங்கிப் பிடிக்கும் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஒயரைப் பக்கத்திலேயே கட்டித் தாங்கல் கொடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் கிரிம்ப், அதாவது ஒயர் முனையில் டெர்மினல் என்ற உலோகத் துண்டை மாட்டி அழுத்துவது. நல்ல டெர்மினலில் இரண்டு பிடி இருக்கும்: ஒன்று செம்பைப் பிடிக்கும், இன்னொன்று உறையைப் பிடிக்கும். அந்த இரண்டாவது பிடிதான் அதிர்வைத் தாங்குகிறது. முழுவதும் அழுத்தும் வரை திறக்காத ராட்செட் கருவியை வாங்குங்கள். ஒவ்வொரு கிரிம்பையும் கையால் இழுத்துப் பாருங்கள். விமானத்தில் போடுவதற்கு முன் வீட்டு மேசையில் இருபது முப்பது செய்து, இழுத்து, வெட்டிப் பார்த்துக் கை பழகிக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நாலு வருடம் முன்பு ஒரு மதியம், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் பறந்துகொண்டிருந்தேன். திரையில் மஞ்சள் எச்சரிக்கை: வோல்டேஜ் 12.6. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஓடினால் 14.2 பக்கம் இருக்க வேண்டும். 12.6 என்றால் பேட்டரியில் மட்டும் பறக்கிறேன் என்று அர்த்தம். எச்சரிக்கை அளவை 13.0-இல் வைத்திருந்ததால் அந்த நிமிடமே தெரிந்தது. லேண்டிங் லைட், இரண்டாவது திரை, சார்ஜர், ஆட்டோபைலட் எல்லாவற்றையும் அணைத்தேன். ஒரு ரேடியோ, ஒரு திரை, ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் மட்டும். பக்கத்தில் இருந்த விமான தளத்தில் பத்திரமாக இறங்கினேன். மூடியைத் திறந்தால், ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு ஒயர் (இது இல்லாமல் அது மின்சாரம் தராது) டெர்மினலின் கழுத்தில் அறுந்து தொங்குகிறது. நான் முதன்முதலில் செய்த கிரிம்ப்களில் ஒன்று, சாதாரண இடுக்கியால் அழுத்தியது. உறையைப் பிடிக்கும் பிடி அதில் இல்லை, ஒயரைத் தாங்கக் கிளாம்பும் இல்லை. அந்த வாரமே எஞ்சின் பக்கத்து டெர்மினல்கள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன்.

இந்தச் சம்பவத்திலிருந்து இரண்டு விஷயம். உங்கள் குறை-வோல்டேஜ் எச்சரிக்கையை இன்றைக்கே பாருங்கள். சில கருவிகளில் அது மிகக் குறைவாக அமைந்திருக்கும், பேட்டரி பாதி காலியான பிறகுதான் கத்தும். அப்புறம், எலக்ட்ரானிக் இக்னிஷன், அதாவது மின்சாரத்தில் இயங்கும் தீப்பொறி அமைப்பு போட்டிருப்பவர்களே, உங்களுக்கு இது இன்னும் முக்கியம். தீப்பொறியைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ இருந்தால் பேட்டரி மின்சாரம் இல்லாமலும் எஞ்சின் ஓடும். உங்கள் எஞ்சின் ஓட மின்சாரம் தேவை என்றால், ஆல்டர்னேட்டர் நின்ற பிறகு எத்தனை நிமிடம் ஓடும் என்பதைத் தரையில் கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். பேட்டரி டப்பாவில் அச்சடித்த ஆம்ப்-அவர் எண்ணை நம்பி வானத்தில் கணக்குப் போட வேண்டாம்.

இப்போது எர்த். ஹெட்ஃபோனில் "ங்ங்ங்" என்று ஒரு சத்தம், த்ராட்டிலைத் தள்ளி எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் அதுவும் சேர்ந்து ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டர் சத்தம். பலர் உடனே ஃபில்டர் வாங்கி மாட்டுகிறார்கள். முதலில் ஹெட்ஃபோன் ஜாக்குகளைப் பாருங்கள். ஜாக்கின் உலோக உடம்பு அலுமினியப் பேனலைத் தொட்டால், ஆடியோவுக்கு எர்த் இரண்டு வழியாகப் போகும்: ஒன்று இன்டர்காம் (ஹெட்ஃபோன்களை இணைக்கும் பெட்டி) வழி, மற்றது விமான உடம்பு வழி. அதே உடம்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் கரண்டும் திரும்புகிறது. அந்த அலை காதுக்குள் வந்துவிடும். ஜாக்குக்கு இரண்டு பக்கமும் ஃபைபர் வாஷர் போட்டுப் பேனலிலிருந்து பிரித்துவிடுங்கள். சில சென்ட் விலைதான். ஷீல்டு ஒயரின் ஷீல்டை, அதாவது அதைச் சுற்றியிருக்கும் உலோக வலையை, ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மற்றக் கருவிகளின் எர்த் எல்லாவற்றையும் எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தடுப்பில் ஒரே தாமிரத் தகட்டுக்குக் கொண்டு வாருங்கள். என் விமானத்தில் அந்த ஒரே இடத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட ஒயர்கள் முடிகின்றன. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் காது அமைதியாக இருக்கிறது.

ஆன்டெனா. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயிரக்கணக்கான டாலர் ரேடியோ வாங்கிவிட்டு, கேபிளில் மிச்சம் பிடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பேச்சு ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆன்டெனாவின் நீளம் அதில் கால் அலைநீளம், அதாவது சுமார் 59 சென்டிமீட்டர். டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது, அதனால் அதன் ஆன்டெனா 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு சின்ன குமிழ் போல. இந்தக் குச்சி ஆன்டெனாக்கள் இரண்டுக்கும் அடியில் உலோகப் பரப்பு தேவை. அலுமினிய விமானத்தில் அது தானாக இருக்கிறது, ஆனால் அடியில் பெயின்ட் இருந்தால் தொடர்பு கிடைக்காது. ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்று ஆக்கி, அப்புறம் பொருத்துங்கள். ஃபைபர்கிளாஸ் விமானம் என்றால் உள்பக்கம் தாமிரப் பட்டைகளை நட்சத்திரம் போல ஒட்ட வேண்டும். கார்பன் ஃபைபர் என்றால் ஆன்டெனாவை உள்ளே வைக்கவே முடியாது, அது அலையைத் தடுத்துவிடும். கேபிளுக்கு ஆர்ஜி-400 வாங்குங்கள். ஆர்ஜி-58 மலிவு, ஆனால் சூடும் தாங்காது, ஷீல்டும் மெல்லியது.

ஒரு அடையாளம் சொல்கிறேன். மைக் பட்டனை அழுத்தும்போது எண்ணெய் அழுத்தமோ எரிபொருள் அளவோ திரையில் குதிக்கிறதா? சென்சரைக் குறை சொல்லாதீர்கள். ஆன்டெனா முனையில் கேபிளின் ஷீல்டு சரியாகப் பிடிக்கவில்லை, அலை காக்பிட்டுக்குள் சுற்றுகிறது என்று பாருங்கள். என்னிடம் ஆன்டெனா எப்படி வேலை செய்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு சின்ன விஎன்ஏ மீட்டர் இருக்கிறது, உள்ளங்கை அளவு. ஆன்டெனாவைப் போட்டதும் ஒரு முறை அளந்து படம் பிடித்து வைத்தேன். ஒவ்வொரு வருடமும் அதே அளவை எடுத்து ஒப்பிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு மீட்டரில் அந்தக் கோடு நகர்ந்திருந்தது. பார்த்தால் அடியில் துரு ஏறியிருந்தது. ரேடியோவில் அதுவரை ஒரு குறையும் தெரியவில்லை.

மேக்னெட்டோமீட்டருக்கு, அதாவது காந்தத் திசையை அளக்கும் சென்சருக்கு, ஒரு சின்னக் குறிப்பு. அதை எஃகுத் திருகால் மாட்ட வேண்டாம், பித்தளைத் திருகு போடுங்கள். மாட்டியதும் ஒவ்வொரு விளக்கையும் போட்டு அணைத்து, கண்ட்ரோல் ஸ்டிக்கை முழுக்க அசைத்து, திசை மாறுகிறதா என்று பாருங்கள். இறக்கை முனையில் வைத்திருந்தால் அங்கே போகும் விளக்கு ஒயரின் திரும்பு வழியை உடம்பு வழியாக விடாதீர்கள், இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கொண்டு வாருங்கள்.

இப்போது சொந்தக்காரர் வேலைகள். 2020 ஜனவரி 1 முதல், டிரான்ஸ்பாண்டர் கட்டாயமான வான்பகுதிகளில் பெரும்பாலானவற்றில் விமானம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட்டும் கட்டாயம். உங்கள் ஏடிஎஸ்-பி சரியாக வேலை செய்கிறதா என்று எஃப்ஏஏவிடம் இலவச அறிக்கை கேட்கலாம். கவரேஜ் உள்ள இடத்தில் ஒரு நாள் பறந்துவிட்டு, அன்றைய தேதியைக் கொடுத்தால் அறிக்கை வரும். மென்பொருளை அப்டேட் செய்த ஒவ்வொரு முறையும் நான் இதைக் கேட்கிறேன். டிரான்ஸ்பாண்டர் சோதனை 24 மாதத்துக்கு ஒரு முறை. அதை நாமே செய்ய முடியாது, அங்கீகாரம் பெற்ற கடைதான் செய்ய வேண்டும். அங்கே போகுமுன், உயரமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று நானே பார்த்துவிடுவேன். ஒரு சிரிஞ்சு, ஒரு மெல்லிய குழாய். மெதுவாக, மிக மெதுவாக உறிஞ்சி, உயரமானி 1000 அடி ஏறியதும் நிறுத்துவேன். ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கினால் கசிவு. வாயால் ஊதவோ உறிஞ்சவோ கூடாது, கருவி கெட்டுவிடும்.

மென்பொருள் அப்டேட்டைப் பயணத்துக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். செய்வதற்கு முன் அமைப்புகளை யூஎஸ்பியில் சேமித்துக்கொள்ளுங்கள். செய்த பிறகு எஞ்சின் எச்சரிக்கை அளவுகளையும் ஆட்டோபைலட் அமைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, தெளிவான வானிலையில் ஒரு சுற்றுப் பறந்து பாருங்கள்.

ஒயருக்கு எண் போடுங்கள், இரண்டு முனையிலும். வரைபடம் வரையுங்கள். மூடுவதற்கு முன் விமானத்தின் ஒவ்வொரு உள்ளறையையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பயன்படுத்திய ஆர்வி ஒன்றை வாங்க ஒரு நண்பரோடு போயிருந்தேன். நல்ல பெயின்ட், நல்ல திரை. ஒயரிங் வரைபடம் எங்கே என்று கேட்டால், கட்டியவர் எதுவும் எழுதி வைக்கவில்லை. பேனலுக்குப் பின்னால் எல்லா ஒயரும் ஒரே வெள்ளை நிறம், ஒன்றில்கூட எண் இல்லை. அதை வாங்க வேண்டாம் என்று சொன்னேன், இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டியவருக்கு எஃப்ஏஏ ரிப்பேர்மேன் சான்றிதழ் கொடுக்கும், அந்த விமானத்தின் வருடாந்திரப் பரிசோதனையை அவரே செய்து கையெழுத்துப் போடலாம். விமானத்தை விற்கும்போது அந்தச் சான்றிதழ் வாங்கியவருக்குச் சேர்ந்து வராது. பராமரிப்பு வேலைகளை நீங்களே செய்யலாம், ஆனால் வருடாந்திரக் கையெழுத்துக்கு அதற்குத் தகுதி பெற்றவர் வேண்டும், பெரும்பாலும் ஒரு மெக்கானிக். அந்த மெக்கானிக் முதலில் கேட்பது அந்த வரைபடத்தைத்தான்.

தனியாகக் கட்டுகிறவர்கள், சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான இஏஏ அமைப்பின் தொழில்நுட்ப ஆலோசகரைக் கூப்பிடுங்கள். பணம் வாங்கமாட்டார்கள். எங்கள் தளத்தில் ஒரு பெரியவர் மூன்று முறை வந்து பார்த்தார். இரண்டாவது முறை வந்தபோது, ஃபயர்வால் ஓட்டையில் ஒயர் ஒன்று உலோக விளிம்பில் உரசிக்கொண்டிருப்பதை டார்ச் அடித்துக் காட்டினார். நான் அதே இடத்தைப் பல வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணில் படவில்லை.

சரி, மணி சரியாகப் பத்து. இஎல்டி, அதாவது விபத்து நேர்ந்தால் தானாக சிக்னல் அனுப்புகிற பெட்டி, அதை ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடத்துக்குள்தான் சோதிக்க வேண்டும், மற்ற நேரத்தில் சோதித்தால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். பேட்டரியில் எழுதியிருக்கிற தேதியையும் இதோடு பார்த்துவிட வேண்டும், மாற்றும் மாதம் இதுதான் என்று நினைவு. கேமராவை அணைத்துவிட்டு வால் பகுதிக்குப் போகிறேன். கேள்விகளைக் கீழே எழுதுங்கள், உங்கள் பேட்டரி, ஆல்டர்னேட்டர் விவரத்தையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.