ஒரு ஆளுக்கா, வேனுக்கா?

வணக்கம், தாப்பாவிலிருந்து பேசுகிறேன். சுற்றுலாவால் நம் மலேசியப் பூர்வகுடி மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பேச, பல வருஷம் கேமரன் மலைக்கு டூர் வேன் ஓட்டியவன் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் வேனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரிங்லெட் போகும் பழைய ரோட்டில், லாத்தா இஸ்கண்டார் அருவிப் பக்கம், செமாய் என்ற பூர்வகுடி மக்களின் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். நாலு மூங்கில், மேலே நீலத் தார்ப்பாய், கம்பியில் தொங்கும் பெத்தாய் காய், பழைய போத்தலில் காட்டுத்தேன், அவ்வளவுதான் கடை. வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள், பிள்ளைகளைப் படம் எடுப்பார்கள், வேட்டைக்கு அம்பு ஊதும் குழலான சும்பிட்டை வாங்கி ஒரு தடவை ஊதிப் பார்த்துவிட்டு ஏறிவிடுவார்கள். 'பூர்வகுடி கிராமம்' என்று நோட்டீஸில் போட்டுக் காசு வாங்கியவர் ஏஜென்ட், எனக்குச் சம்பளமும் டிப்ஸும். கடைக்கார அக்காவுக்கு விற்றது ஒரு கட்டு பெத்தாய், அதுவும் நான் வாங்கியது. அதிலும் பேரம் பேசினேன், இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அவர்களே டூர் நடத்தலாமே என்பீர்கள். சரி, நிலம் யார் பெயரில்? 1954ஆம் வருஷத்துப் பூர்வகுடிச் சட்டப்படி மாநில அரசு அவர்களுக்கு இடம் ஒதுக்கலாம், ஒதுக்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். கிராண்ட், அதாவது பட்டா, இல்லாத மண்ணைக் காட்டி எந்த பேங்கில் கடன் கேட்பது? சாகோங் தாசி வழக்கில் தெமுவான் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களுக்கு அவர்கள் மண்ணில் உரிமை உண்டு என்று 2002இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2005இல் அப்பீலிலும் அது நின்றது. ஆனால் அதற்குள் அந்த மண்ணில் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலை வந்துவிட்டது.

நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் லயத்து வீடும் நம் பெயரில் இருந்ததில்லை, கொழுந்து எடுத்த என் அத்தை எந்தெந்த நாட்டு ஆல்பத்தில் இருக்கிறாரோ. அப்படியிருந்தும் அவர்களை 'சக்காய்' என்றுதான் கூப்பிட்டோம், அது வசவு என்று தெரியாமலா?

கோப்பெங் பக்கம் உலு கெரோவில் ரஃப்லேசியா என்ற ராட்சதப் பூவைக் காட்ட செமாய்க்காரர்களே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள், காசு நேராக அவர்கள் கைக்கு வருகிறது. நல்லதுதான். ஆனால் மொட்டு மாதக்கணக்கில் வளர்ந்து, விரிந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காத பூ அது. அதை நம்பி எத்தனை வீட்டில் உலை வைப்பது?

அந்தப் பெத்தாய் அக்கா ஒருநாள் என்னிடம் வேனுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஆளுக்கா, வேனுக்கா?" என்று மலாயில் திரும்பக் கேட்டார்.