மும்பையில் ஏலம், மன்னார்குடியில் வயல்

வணக்கம். நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மாதம். மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், மடித்த செய்தித்தாளோடு என் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "வக்கீலய்யா, நான் உழுவுற நெலத்த மும்பைல ஏலம் விடறாங்களாம். அவுங்களுக்கு இங்க என்ன வேல?"

நியாயமான கேள்வி. நிலத்தகராறு என்றால் நிலம் இருக்கிற ஊர் கோர்ட்டில்தான் வழக்கு. 1908ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்வதும் அதுதான். ஆனால் அவர் உழுகிற நிலம் நொடித்துப்போன ஒரு மும்பைக் கம்பெனிக்குச் சொந்தம்; நொடித்துப்போன கம்பெனியின் கதை வேறு. அதன் பதிவு அலுவலகம் எங்கேயோ, அந்த எல்லைக்கான தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில்தான் விசாரணை. 2016இல் திவால் சட்டம் வருமுன் உயர் நீதிமன்றம் பார்த்தது. கம்பெனியைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கத் தீர்ப்பாயம் நியமிக்கிற லிக்விடேட்டர், அதாவது கலைப்பாளர், சொத்து எந்த மாவட்டத்தில் கிடந்தாலும் விற்கலாம். திவால் சட்டத்தின் 35ஆம் பிரிவு. கம்பெனிக்குக் கடன் கொடுத்த தஞ்சாவூர்க்காரர் நிலத்தையும் கோயம்புத்தூர்க்காரர் இயந்திரத்தையும் ஆளுக்கொரு கோர்ட்டில் ஜப்தி செய்துகொண்டு போனால், சம்பளப் பாக்கிக்கு நிற்கிற தொழிலாளிக்கு என்ன மிஞ்சும்?

சரி, வயலுக்கு வருவோம். நானும் அவரோடு போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். நடவு முடிந்து பத்து நாள் ஆன சம்பா. அறிவிப்பில் 'நன்செய், உள்ளது உள்ளபடி' என்று ஒரே வரி. நிலத்தின் நடுவே வாய்க்கால் ஓடுகிறது, மதகுப் பலகை உடைந்து கிடக்கிறது, அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிற இவர் நிற்கிறார். வாய்க்காலைப் பார்க்காமல் வயலுக்கு விலை பேசுகிறவர் நம் பக்கத்து ஆளாக இருக்கமுடியாது!

'உள்ளது உள்ளபடி'யில் இவ்வளவும் அடக்கம். கம்பெனிக்கு என்ன உரிமை இருந்ததோ, அதைத்தான் கலைப்பாளர் விற்கிறார். திரும்பவும் சொல்கிறேன், கம்பெனிக்கு இருந்ததை மட்டும்தான். சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்து இருக்கிறது. ஏலம் எடுத்தவர் மறுநாள் காலையில் வந்து, "கிளம்பு" என்று சொல்லிவிட முடியாது. இதைக் கேட்டதும் அவர், "அப்ப களை எடுக்கலாங்களா?" என்றார். எடுக்கச் சொன்னேன். குத்தகை ரசீதுகளோடு கலைப்பாளருக்குப் பதிவுத் தபாலும் அனுப்பவைத்தேன்.

ஏலம் எடுக்கப்போகிறவர்களுக்கும் நிறையச் சொல்ல இருந்தது. ஆனால் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: விற்றது மும்பையானாலும் பத்திரப்பதிவு இங்கே நம் சார்பதிவாளரிடம்தான். வில்லங்கம் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். பட்டா மாறுதலை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.