நாக்குக்கு அடியில் ஒரு நூல்

வணக்கம் நேயர்களே. பூனை வாந்தி எடுத்தால், "மயிர் உருண்டையாக்கும், புல்லுத் தின்றால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். பல தடவை அது உண்மைதான். ஆனால் குடல் அடைத்த பூனையும் முதலில் அப்படித்தான் வாந்தி எடுக்கும்.

மருதமுனையில் கைத்தறி வீடொன்றிலிருந்து ஒரு உம்மா தன் பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். "மூணு நாளா ஒண்டும் திங்குதில்ல டொக்டர், கட்டிலுக்குக் கீழ போய்ப் படுக்குது" என்றார். வாயைத் திறந்து, கீழ்த்தாடையின் இரண்டு எலும்புக்கும் நடுவே பெருவிரலால் மெல்ல மேலே அமுக்கினேன். நாக்கு எழும்பியது. அதன் அடியில் நீல நெசவு நூல் ஒன்று சதைக்குள் பதிந்து கிடந்தது.

பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கஷ்டம், விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ளும். மற்றதைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் நூலின் மேல் சுருங்கி ஏறும். இறுகிய நூல் குடற்சுவரை அறுத்து ஓட்டையாக்கும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், வாயிலோ மலவாசலிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் பருக்க வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடலாம். பனடோல், அதாவது பரசிட்டமோல், பூனைக்கு நஞ்சு.

மட்டக்களப்பு வாவியோர வீடுகளில் தங்கூசியை, அதாவது மீன் பிடிக்கும் நைலோன் நூலை, கவனியுங்கள். மீன் வாசம் ஒட்டிய தங்கூசியைப் பூனை விடாது.

எக்ஸ்ரேயில் நூல் தெரியாது. கொத்தாய்ச் சுருங்கிய குடலும், காற்புள்ளி போன்ற காற்றுக் குமிழ்களும்தான் தெரியும். சந்தேகம் என்றால் ஸ்கேன். உடனே கத்தியை எடுப்பதில்லை. வாந்தியில் நீரும் பொட்டாசியமும் போயிருக்கும், முதலில் சேலைன் ஏற்ற வேண்டும். அப்புறம் மயக்க மருந்து கொடுத்து, நாக்கடியில் நூலை வெட்டி, வயிற்றைத் திறந்து, குடலில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கீறி, நூலைத் துண்டு துண்டாக எடுப்போம். கறுத்துச் செத்த பகுதி இருந்தால் அதை நீக்கி இரு முனைகளையும் சேர்த்துத் தைப்போம்.

நாள் கடத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் கொழுத்த பூனைக்கு, சில நாட்களிலேயே ஈரலில் கொழுப்புப் படிந்து காமாலை வரும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால் மறுநாளே கொண்டுவாருங்கள்.

அந்த உம்மாவின் பூனை அறுவைக்கு மறுநாள் பின்னேரம் அவித்த மீனில் ஒரு கரண்டி நக்கியது. தைத்த இடம் கசிவது பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களுக்குள்தான், அதனால் அதுவரை காய்ச்சல் பார்த்தபடியே இருந்தோம். ஆறாம் நாள், வந்த அதே கூடையில் வீட்டுக்குப் போனது.