கடலில் எழும் சுனாமி வானத்தில் தெரிவது எப்படி?

[திரையில்: சுமத்ராவிலிருந்து விரியும் அலை வட்டம்]

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஜேசன்-1, டோபெக்ஸ்/பொசைடன் என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தை அளந்தபடி இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. ஆழ்கடலில் சுனாமியின் உயரம் அரை மீட்டருக்குச் சற்று மேல்தான் என்பது அந்தத் தரவிலிருந்து தெரிந்தது. அதே தரவில் இன்னொன்றும் இருந்தது. கடலுக்கு மேலே, மின்னூட்டம் கொண்ட அயனிகளும் எலக்ட்ரான்களும் நிறைந்த உயர் வளிமண்டல அடுக்கான அயனோஸ்பியரும் அலையடித்திருந்தது.

அரை மீட்டர் எழுந்த தண்ணீர், 250 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை எப்படி அசைக்கும்?

கடல் எழும்போது மேலே உள்ள காற்றையும் சேர்த்துத் தூக்குகிறது. தூக்கப்பட்ட காற்று புது இடத்தில் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கனம். புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். வந்த வேகத்தில் அது பழைய இடத்தையும் தாண்டி இறங்கிவிடும். அங்கே அது லேசு, அதனால் மறுபடி மேலே தள்ளப்படும். இந்த ஏற்ற இறக்கம் பரவுவதுதான் வளிமண்டல ஈர்ப்பு அலை. கருந்துளைகள் மோதும்போது வரும் ஈர்ப்பு அலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மலைமேல் மோதும் காற்றும் இடிமழை மேகமும்கூட இதை உண்டாக்கும்.

சரி, கடலில் எந்நேரமும் அலை இருக்கிறதே, அதெல்லாம் ஏன் வானத்துக்கு ஏறுவதில்லை? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காற்று தானாக ஒருமுறை ஏறி இறங்க எடுக்கும் நேரம் சுமார் ஐந்து நிமிடம். அதைவிட வேகமாக ஆட்டினால் அசைவு மேலே போகாது, அடியிலேயே அடங்கிவிடும். கரையில் நாம் பார்க்கும் அலை சில விநாடிகளுக்கு ஒருமுறை வருகிறது. சுனாமியோ ஒருமுறை ஏறி இறங்கப் பத்து நிமிடம், அரை மணி நேரம்கூட எடுக்கும். ஆகவே வளிமண்டலம் சாதாரண அலைகளை வடிகட்டிவிட்டு, சுனாமியை மட்டும் மேலே அனுப்புகிறது.

[திரையில்: மேலே போகப்போக அகலமாகும் அலைகள்]

மேலே போகப்போக காற்று மெலிகிறது. அலையின் ஆற்றல் அப்படியே இருக்க, சுமக்க வேண்டிய காற்றின் எடை குறைகிறது. சாட்டையின் தடித்த பிடியில் கொடுத்த சிறு அசைவு மெல்லிய நுனியில் சொடுக்காக மாறுவது போல, அலை பெருக்கிறது. அயனோஸ்பியரை எட்டும்போது பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வளர்ந்திருக்கும்.

அங்கே அசையும் காற்று அயனிகளை மோதித் தள்ளுகிறது. மின்னூட்டம் கொண்டவை என்பதால் அவை நினைத்த திசையில் போக முடியாது. பூமியின் காந்தப்புலக் கோடுகளின் வழியேதான் நகரும். ஓரிடத்தில் எலக்ட்ரான்கள் குவியும், அடுத்த இடத்தில் குறையும். ஒரே அலை ஒரு பகுதியில் பளிச்சென்றும் வேறொரு பகுதியில் மங்கலாகவும் பதிவாவதற்கு இந்தக் காந்தப்புலமே பெரிய காரணம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. எலக்ட்ரான்கள் வழியே வரும்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு தாமதமாகும். அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால் வழியில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று தெரிந்துவிடும். துல்லியமான இடக்கணிப்பில் பிழையை உண்டாக்கும் அதே தாமதம் இங்கே அளவுகோலாகிறது.

கண்ணுக்கு எட்டாத மங்கலான ஒளியிலும் இது தெரியும். 2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமி ஹவாயை நோக்கி வந்தபோது, மாவி தீவிலிருந்த கேமரா இரவு வானத்தின் சிவப்பு ஒளியில் அலைவரிகளைப் பதிவு செய்தது. ஆக்சிஜன் அணுக்கள் விடும் 630 நானோமீட்டர் ஒளி அது. வரிகள் சுனாமிக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

அப்புறம், எச்சரிக்கைக்கு உதவுமா? ஈர்ப்பு அலை மேலே ஏற முக்கால் மணி நேரம் போல ஆகும். நிலநடுக்கத்தின் ஒலி அலை பத்து நிமிடத்தில் ஏறிவிடும். பக்கத்துக் கரைக்கு அந்த முக்கால் மணி நேரம் கிடைக்காது. 2004-இல் சுமத்ராவின் பண்டா ஆச்சே நகரைச் சுனாமி அரை மணி நேரத்துக்குள் தொட்டுவிட்டது. தொலைவில் உள்ள கரைக்கு நிச்சயம் பயன்படும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் இதற்காகவே 'கார்டியன்' என்ற அமைப்பை நடத்துகிறது. 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவிலான நிலநடுக்கம் வந்தபோது, அலை ஹவாயைத் தொட அரை மணி நேரத்துக்கும் முன்பே அது அறிகுறியைக் கண்டுகொண்டது. கரையில் நிற்கும் ஒரு ஜிபிஎஸ் நிலையத்தைக் கொண்டு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் வரை கடலுக்கு மேலே பார்க்கலாம், நடுக்கடலில் ஒரு மிதவைகூட இல்லாத இடங்களிலும்.