எழுத வேண்டியதுதான் பாக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

"எல்லாம் முடிஞ்சுது சார், எழுத வேண்டியதுதான் பாக்கி." முதுநிலை ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் நெறியாளரிடம் சொல்லும் வாக்கியங்களில் இதைக் கேட்டால்தான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும். தரவெல்லாம் கைக்கு வந்துவிட்டது, கணினியில் ஏற்றியாகிவிட்டது, இனி ஒரு மாதம் உட்கார்ந்தால் ஆய்வேடு தயார் என்பது அவர்கள் கணக்கு. உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியதும்தான் தெரியும், கேட்க வேண்டிய கேள்வியையே இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது 1991-இல் அதை வெளியிட்டார். அதைப் பற்றிய அவருடைய முதுநிலை ஆய்வேடு 1997-ஆம் ஆண்டு தேதியைத் தாங்கியிருக்கிறது. ஊர் உலகமெல்லாம் அந்த மென்பொருளை ஓட்டத் தொடங்கிய பிறகும், பட்டம் வேண்டுமென்றால் அவரும் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டியிருந்தது. நமக்கு மட்டும் விதிவிலக்கு கிடைக்குமா, என்ன?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முதுநிலை ஆய்வேட்டுக்குப் பல பல்கலைக்கழகங்கள் 30 கிரெடிட் ஒதுக்குகின்றன. அதாவது 750 முதல் 900 மணி நேரம். ஆய்வையே முதன்மையாகக் கொண்ட பட்டங்களில் இது இன்னும் கூடும். கேட்க நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் படிப்பது, தரவு திரட்டுவது, அலசுவது, எழுதுவது, திருத்துவது எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும். "இணையவழிக் கல்வியின் தாக்கம்" என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு வந்தால் இந்த நேரத்தில் அதை யாராலும் செய்ய முடியாது. யாருக்கான கல்வி, எந்தப் பாடம், எதன்மேல் தாக்கம், அதை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தால் தலைப்பு மெல்ல இளைக்கும். கடைசியில் இப்படி வந்து நிற்கும்: ஒரே ஒரு பாடத்துக்குப் பதிவு செய்து வைத்த விரிவுரைகளை மாணவர்கள் வாராவாரம் பார்க்கிறார்களா, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மொத்தமாகப் பார்க்கிறார்களா, அதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா? இதைச் செய்யலாம். என்ன தரவு வேண்டும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

"இவ்வளவு சின்னதாக இருந்தால் யார் மதிப்பார்கள்?" என்று மாணவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அவர்களுக்கு நான் கிளாட் ஷானனைச் சொல்வேன். 1937-இல், 21 வயதில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் அவர் எழுதி முடித்தது ஒரு முதுநிலை ஆய்வேடுதான். அங்கே இருந்த ஒரு பெரிய கணிப்பு எந்திரத்தில் வேலை பார்த்தார். அதைக் கட்டுப்படுத்த ரிலே சுற்றுகள், அதாவது மின்சாரத்தால் தாமே திறந்து மூடும் சுவிட்சுகளால் ஆன சுற்றுகள், இருந்தன. அவருடைய கேள்வி அந்தச் சுற்றுகளைப் பற்றியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் உருவாக்கிய, உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்குப் போடும் தருக்க இயற்கணிதத்தைக் கொண்டு இவற்றை எழுதிக் காட்ட முடியுமா, எழுதினால் சுற்றை எளிதாக்க முடியுமா? முடியும் என்று காட்டினார். இன்றைய டிஜிட்டல் சுற்றமைப்புக்கு அடிப்படையே அதுதான். "எதிர்காலக் கணினிகள்" என்று தலைப்பு வைத்துத் தொடங்கியிருந்தால் அவரும் எங்கேயோ சிக்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இனி எழுதும் வேலைக்கு வருவோம். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்னுரை என்பது என்ன செய்தோம் என்று தெரிந்த பிறகு எழுதுவது. ஆய்வுமுறை பற்றிய இயலை முதலில் எழுதுங்கள், அதுவும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே. யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம், ஏன் விட்டோம் என்பது ஆறு மாதம் கழித்து நினைவில் இருக்காது. முன்னாய்வுகள் பற்றிய இயல்தான் பலருக்குச் சேற்றுக்குழி. இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார் என்று பத்திக்கு ஒருவராக அடுக்கிக்கொண்டே போவார்கள். அவர்கள் எங்கே முரண்படுகிறார்கள், நம் கேள்வி அந்த இடத்தில் எப்படி நுழைகிறது என்பதைச் சொல்லாத பட்டியல் எத்தனை பக்கம் போனாலும் வீண்தான். மேற்கோள் எடுக்கும்போதே பக்க எண்ணையும் குறித்துவிடுங்கள். ஸொடேரோ போன்ற இலவச மென்பொருள்கள் துணைநூற்பட்டியலை ஒழுங்காக அமைத்துத் தந்துவிடும். விட்டுப்போன பக்க எண்ணை அவை தேடித் தராது.

நெறியாளரைப் பார்க்க வெறுங்கையோடு போக வேண்டாம். இரண்டு பக்கம் போதும். "ஐயா, எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு, தொடர்ந்து எழுதுங்க" என்றுதான் பதில் வரும். "இந்த அட்டவணையிலிருந்து இந்த முடிவுக்கு வரலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார்.

புறத்தேர்வாளர் எப்படிப் படிப்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். வரிசையாகப் படிப்பவர்கள் உண்டு; என்னைப் போன்றவர்கள் ஆய்வுச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக முடிவுரைக்குத் தாவுவோம். சுருக்கத்தில் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறதா? பிறகு துணைநூற்பட்டியல். அப்புறம்தான் நடு இயல்கள். ஆய்வுமுறையில் 212 பேர் என்று இருக்கும். அட்டவணையைக் கூட்டினால் 208 வரும். நாலு பேர் பாதியில் விலகியிருப்பார்கள், தப்பே இல்லை. அதை ஒரு வரியில் சொல்லாமல் விட்டால்தான் வம்பு. அந்த வரி இல்லாத இடத்திலிருந்து தேர்வாளர் ஒவ்வொரு எண்ணையும் கூட்டிப் பார்க்க ஆரம்பிப்பார்.

வாய்மொழித் தேர்வு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கிடையாது. சில இடங்களில் தேர்வாளர்கள் எழுத்தில் அறிக்கை அனுப்புவதோடு சரி. இருக்கும் இடங்களில் கட்டாயம் வரும் கேள்வி, "ஏன் இந்த முறை, ஏன் மற்றது இல்லை?" என்பதுதான். "நேரம் போதவில்லை, அதனால் இந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன், ஆகவே என் முடிவு இந்த எல்லைக்குள்தான் செல்லும்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆய்வேட்டின் எல்லைகளை ஏட்டிலேயே எழுதிவைத்தவரை மடக்குவது கடினம்.

திருத்தங்களோடு தேர்ச்சி என்று முடிவு வந்தால் சோர்ந்துபோக ஒன்றுமில்லை, அது சாதாரணமாக நடப்பதுதான். தேர்வாளர் சொன்னது என்ன, நீங்கள் மாற்றியது என்ன, எந்தப் பக்கத்தில் என்று மூன்று நெடுவரிசையாக ஓர் அட்டவணை போட்டு அனுப்புங்கள். ஒரு கருத்தோடு உடன்பாடு இல்லையென்றால் காரணத்தை அந்தக் கட்டத்திலேயே எழுதலாம். கெடு இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே செய்துவிடுங்கள். வேலை கிடைத்து ஊர் மாறிப்போன பிறகு அந்தக் கோப்பைத் திறக்கவே மனம் வராது. திருத்தங்களை ஏற்றுக்கொண்டோம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வரும்வரை விண்ணப்பங்களில் "பட்டம் பெற்றேன்" என்று எழுதிவிடாதீர்கள். "ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டது" என்றே போடுங்கள்.

நன்றி, வணக்கம்.