ஊர்வலத்துக்கு எதிரே நிற்பவள்

நேயர்களுக்கு வணக்கம். ஊர்வலத்தை வரைந்த ஓவியம் ஒன்றை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது? அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஓவியம் டிஷியனின் ‘பாக்கஸும் அரியாட்னியும்’. 1520க்கும் 1523க்கும் இடையில் இத்தாலியில் வரைந்தது, இப்போது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. படம் கண்முன்னே இல்லையே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பார்த்த ஊர்வலம் ஒன்று போதும்.

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாமிகள் புறப்படுமே: தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. சின்ன வயதில் குழித்துறைப் பக்கம் ரோட்டோரத்தில் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாசலில் விளக்கு, தட்டில் பழம், பூ. தூரத்தில் மேளம் கேட்டதும் எனக்கு யானையைப் பார்க்க வேண்டும், எக்கி எக்கிப் பார்ப்பேன். ஆச்சி என் தாடையைப் பிடித்துத் திருப்புவாள். “மக்களே, யானைய எப்பம் வேணும்னாலும் பாக்கலாம். அங்க நிக்கவங்க மொகத்தப் பாரு.” எதிர்வீட்டு அக்கா நிற்பாள். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள், கையில் வைத்திருந்த கற்பூரத்தை ஏற்ற மறந்து நிற்பாள். சாமி கிட்டே வந்துவிட்டது என்று அந்த முகத்தில் தெரிந்துவிடும்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். வலப்பக்கம் முழுக்கச் சத்தம். ஒருத்தி தாளம் தட்டுகிறாள், ஒருவன் கன்றின் காலைத் தூக்கி ஆட்டுகிறான், ஒருவன் உடம்பெல்லாம் பாம்பு, பின்னால் கழுதைமேல் தூங்கி வழிகிறார் ஒரு கிழவர். மதுவின் தெய்வமான பாக்கஸின் கூட்டம் அது. கண் அங்கேயே நின்றுவிட்டால் படம் வெறும் குடிக்கூத்தாகிவிடும்.

இடது ஓரத்துக்கு வாருங்கள். அங்கே அரியாட்னி. அவளை நக்சாஸ் தீவில் தூக்கத்தில் விட்டுவிட்டுக் காதலன் தீசியஸ் போய்விட்டான். கடலில் அவன் கப்பல் கடுகளவு தெரிகிறது. அவள் கை இன்னும் கப்பல் பக்கம் நீண்டிருக்கிறது, முகமோ பாக்கஸ் பக்கம் திரும்பிவிட்டது. பயமா, வியப்பா? இரண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. கற்பூரத்தை ஏற்ற மறந்த அந்த அக்கா எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருகிறாள்.

பாக்கஸ் தேரிலிருந்து குதித்து அந்தரத்தில் இருக்கிறான். கைக்குட்டையை முக்கோணமாக மடித்தால் ஒரு மடிப்பு விழுமே, அப்படித்தான் படம் பிரிகிறது. ஒரு பாதி வானமும் கடலுமாக நீலம், மறுபாதி மரமும் மண்ணும். அந்த மடிப்பைத்தான் அவன் தாண்டுகிறான், அவளுக்காக. தேரில் பூட்டிய இரண்டு சிவிங்கிப் புலிகளைப் பாருங்கள். அத்தனை கூச்சலிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சாந்தமாக நிற்கின்றன. ஆச்சி சொன்னதும் இதுதான், சத்தம் எங்கே ஓய்கிறது என்று தேடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இப்போது முடியாது. இது ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரியாட்னியின் தலைக்கு மேலே, பட்டப்பகலில், எட்டு நட்சத்திரங்கள் வட்டமாக நிற்கின்றன. அவளுடைய கிரீடத்தைப் பாக்கஸ் வானத்தில் எறிய, அது விண்மீன்களானது என்பது கதை. படத்தில் அவன் இன்னும் அவள் கையைக்கூடத் தொடவில்லை, கிரீடம் அதற்குள் மேலே போய்விட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வணக்கம்.