கடைசிப் பத்து ஓவரில் யார்க்கர்

சேலம் வட்டார நேயர்களுக்கு வணக்கம். நம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடியதிலிருந்து, இங்கே பந்தைத் தொடுகிற பையனுக்கெல்லாம் யார்க்கர் (பேட்ஸ்மேன் நிற்கும் கோட்டிலேயே குத்தும் பந்து) மேல்தான் ஆசை. நல்ல ஆசை. ஆனால் யார்க்கரில் பாதி வேலையைப் பார்ப்பது பீல்டிங்.

50 ஓவர் ஆட்டத்தில் 41-ஆவது ஓவரிலிருந்து பிட்ச்சைச் சுற்றியுள்ள 30 கஜ வட்டத்துக்கு வெளியே 5 பீல்டர்கள் நிற்கலாம். ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே அகலமாக யார்க்கர் போடுவதென்றால் ஆஃப் பக்கத்துப் பீல்டர்களான தேர்டு மேன், டீப் பாயிண்ட், லாங் ஆஃப் எல்லைக்கோட்டில் இருக்க வேண்டும். ஃபைன் லெக் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் லெக் பக்கம் நிற்பவர்) வட்டத்துக்குள்ளே வரலாம். அப்படி நிறுத்திவிட்டுக் காலடியில் போட்டால், மட்டையின் உள்விளிம்பில் பட்டாலே நான்கு ரன் போய்விடும். கேப்டனிடம் பேசி முடிவு செய்த பிறகே ஓடத் தொடங்குங்கள்.

பந்து விழ வேண்டிய இடம் ஸ்டம்ப்பிலிருந்து நான்கடி முன்னால் உள்ள கிரீஸ் கோடு. அரையடி முன்னால் விழுந்தால் அது ஹாஃப் வாலி (குத்தி எழும்போதே அடிக்க வசதியான பந்து), சிக்ஸர் போகும். பேட்ஸ்மேன் கிரீஸுக்குள் ஆழமாகப் போய் நின்றால் கோட்டை மறந்துவிடுங்கள். அவர் ஷூ நுனிதான் குறி. கையை விட்டுச் சீக்கிரம் கழன்றால் தரையில் படாமலே போகும் ஃபுல்டாஸ். இடுப்புக்கு மேலே போனால் நோ பால், அடுத்தது ஃப்ரீ ஹிட் (ரன் அவுட் போன்றவை தவிர பேட்ஸ்மேன் அவுட் ஆகாத பந்து). பெரும்பாலும் தலை பக்கவாட்டில் சாய்வதால்தான் இது நடக்கிறது.

2025 ஜூலை முதல் சர்வதேச ஆடவர் ஒருநாள் ஆட்டத்தில் 34 ஓவர் வரைதான் முனைக்கு ஒன்றாக இரண்டு பந்து. பிறகு அதில் ஒன்றே கடைசிவரை. முன்பு 25 ஓவரோடு ஓய்ந்த பந்து இப்போது 33 ஓவர் உழைக்கிறது. ரிவர்ஸ் ஸ்விங்குக்கு (தேய்ந்த பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது) மறுபடி வாய்ப்பு, பந்துவீச்சாளர்களுக்கு இது நியாயமான மாற்றம். ஒரு பக்கத்தை வியர்வையால் மட்டும் தேயுங்கள், எச்சிலுக்குத் தடை. சொரசொரப்பான பக்கத்தில் ஈரக்கை படவே கூடாது.

பேட்ஸ்மேனுக்கும் ஒன்று. ஃபைன் லெக் உள்ளே வந்துவிட்டாரா? பந்து வெளியேதான் வரும்; ஆஃப் பக்கம் நகர்ந்து ஃபைன் லெக் தலைக்கு மேல் தூக்கலாம்.

பயிற்சிக்கு கிரீஸ் கோட்டில் ஒரு பழைய ஷூவை வையுங்கள். வலைப்பயிற்சியின் முடிவில், உடம்பு களைத்தபின், தேய்ந்த பந்தால் 12 பந்து போடுங்கள்.